ஸ்பானிஷில் வயது சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

ஸ்பானிஷ் படிக்கிற நம்மவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் தவறான வாக்கியம் ஒன்று உண்டு: 'சோய் வெயின்தே.' ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ட்வென்டி' என்பதை அப்படியே மாற்றியது. ஆங்கில 'ஆம்' என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள 'சோய்', 'எஸ்தோய்' இரண்டுமே வயதுக்கு வராது. 'தெங்கோ வெயின்தே ஆஞோஸ்', அதாவது என்னிடம் இருபது ஆண்டுகள் இருக்கின்றன என்றுதான் அவர்கள் சொல்வார்கள். சரி, தமிழ் வழியாகப் போகலாமா என்றால் அதுவும் இங்கே உதவாது. 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'மே குஸ்தா' அழகாகப் பொருந்துவதால் 'எனக்கு இருபது வயது' என்பதிலும் அந்த 'மே'யைப் போடத் தோன்றும். போடாதீர்கள், 'தெங்கோ' என்பதிலேயே 'நான்' அடங்கிவிட்டது.

'ஆஞோஸ்' என்பதை விடுவதும் தவறுதான். யாராவது வயதைக் கேட்டால் 'தெங்கோ வெயின்தே' என்று நிறுத்தலாம், ஆனால் நீங்களாகப் பேச்சை ஆரம்பிக்கும்போது அப்படிச் சொன்னால் எதில் இருபது என்றே எதிராளிக்குப் புரியாது.

எழுதும்போதுதான் பெரிய விபத்து. இந்தச் சொல்லில் வருவது 'ன்' இல்லை, தலைமேல் அலைபோலக் கோடு போட்ட தனி எழுத்து, நம் 'ஞ' ஒலிக்கு மிக நெருக்கமானது. அந்தக் கோட்டை விட்டுவிட்டால் 'ஆனோஸ்' ஆகிவிடும், அதற்கு ஸ்பானிஷில் ஆசனவாய் என்று பொருள். போர்ச்சுக்கீசியத்தில் கோடு இல்லாமல் எழுதினால்தான் ஆண்டுகள், அதனால் இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். போனில் 'என்' விசையை அழுத்திப் பிடித்தால் இந்த எழுத்து வந்துவிடும், சோம்பல்பட வேண்டாம்.

ஒன்றில் முடியும் எண்களில் கடைசி 'ஓ' உதிரும். 21 தனியாக 'வெயின்தியூனோ', வயதாகச் சொன்னால் 'வெயின்தியூன் ஆஞோஸ்'. 31, 41 எல்லாமே இப்படித்தான்.

கேட்கும்போது 'குவான்தோஸ் ஆஞோஸ் தியெனெஸ்?' என்பது 'நீ' போட்டுக் கேட்பது. பெரியவர்களிடம் கடைசி 'ஸ்' இல்லாமல் 'தியெனே' என்று கேளுங்கள், நம்முடைய 'நீங்கள்' மாதிரி. அப்புறம், வயதில் மூத்தவரை 'மாஸ் வியெஹோ' என்று ஒப்பிடாதீர்கள். 'வியெஹோ' என்றால் கிழவர் என்றும் ஒலிக்கும், நிறைய பேருக்கு அது உறுத்தும். 'மயோர்' என்பதே மரியாதை. அண்ணனும் 'எர்மானோ', தம்பியும் 'எர்மானோ' என்பதால் அண்ணனுக்கு 'மயோர்', தம்பிக்கு 'மெனோர்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் மூன்று வயது மூத்தவர் என்றால் 'மி எர்மானோ மே யேவா திரெஸ் ஆஞோஸ்' என்பார்கள். மேலே வேண்டாம் என்ற 'மே' இங்கே கட்டாயம் வேண்டும்.

இறந்தகாலத்தில் 'எனக்குப் பத்து வயதாக இருந்தபோது' என்பதற்கு 'தெனீயா தியெஸ் ஆஞோஸ்'தான் சரி, நடந்து முடிந்ததைச் சொல்லும் 'தூவே' வடிவத்தைப் போடக்கூடாது, ஏனென்றால் வயது என்பது அப்போது நீடித்திருந்த ஒரு நிலை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் முப்பது முடிந்தது என்று சொல்ல வினையே வேறு: 'கும்ப்லீ திரெயின்தா ஆஞோஸ்.' பிறந்தநாளுக்கு 'கும்ப்லேஆஞோஸ்' என்ற பெயரும் இந்த வினையிலிருந்து வந்ததுதான்.