உடம்பைக் குறைக்கிறீர்களா? பாஸ்தாவை விடாதீர்கள், கூடவே புடலங்காயைச் சேருங்கள்

எடை குறைக்க ஆரம்பித்ததும் எல்லாரும் முதலில் விடுவது பிடித்த சாப்பாட்டைத்தான். எனக்குக் கிடைத்த உணவுத்திட்டத் தாளிலும் "பாஸ்தா கூடாது" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள், காரணம் எதுவும் இல்லை. மூன்று வாரம் தொடாமல் இருந்தேன். நான்காவது வாரம் மகளுக்குச் செய்த மக்ரோனி சட்டியில் மீதி இருந்தது, அடுப்படியில் நின்றபடியே அத்தனையையும் சாப்பிட்டு முடித்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு பாஸ்தாவில் இல்லை, நான் போட்ட அளவிலும் அதன்மேல் ஊற்றிய வெள்ளை சாஸிலும் இருக்கிறது. அந்தக் கணக்கையும் அதற்குப் பிறகு குமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் தக்கலை வீட்டில் வாரம் இரண்டு நாள் நான் செய்கிற முறையையும் இங்கே எழுதுகிறேன். இதுவரை பாஸ்தாவே செய்யாதவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

முதலில் அந்தக் கணக்கு. 500 கிராம் பாக்கெட்டில் பாதியை இரண்டு பேருக்குப் போட்டால் ஆளுக்கு 125 கிராம், அதிலேயே சுமார் 440 கலோரி. ஒரு தட்டுக்கான வெள்ளை சாஸில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100, ஒரு கரண்டி மைதா 30, ஒரு தம்ளர் கொழுப்புள்ள பால் 130, 50 கிராம் சீஸ் 160 என்று வைத்தால் 420 வருகிறது. மொத்தம் 860. பாஸ்தாவுக்குச் சமமாகச் சாஸும் ஏற்றுகிறது பாருங்கள்! இனி சொல்லப்போகிற தட்டு 450 கலோரியைச் சுற்றித்தான் வரும். தட்டு நிறையவும் இருக்கும்.

முதல் படி: வேக வைப்பதற்கு முன்னால் எடை போடுங்கள்

காய்ந்த பாஸ்தா 100 கிராமில் 350 முதல் 370 கலோரி இருக்கும். வெந்ததும் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிடும், அதனால் வெந்த பாஸ்தா 100 கிராமில் சுமார் 150தான். இணையத்தில் பார்க்கிற எண் காய்ந்ததற்கா வெந்ததற்கா என்று கவனிக்காமல்தான் பலர் கணக்கில் ஏமாறுகிறார்கள். நீங்கள் எப்போதும் காய்ந்ததையே எடை போடுங்கள், ஒரு ஆளுக்கு 50 கிராம்.

தராசு இல்லையென்றால் கவலை வேண்டாம். புதிதாக வாங்கிய 500 கிராம் பாக்கெட்டை ஒரு சுத்தமான துணியில் கொட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தால் அள்ளி அள்ளிப் பத்துச் சம குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலையும் தனித்தனிச் சின்ன டப்பாவிலோ கவரிலோ போட்டு வைத்துவிட்டால் சமைக்கிற நேரத்தில் யோசிக்கவே வேண்டாம், ஒரு ஆளுக்கு ஒரு டப்பா. நான் முதல் தடவை இப்படிப் பிரித்து வைத்தபோது அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன மக்கா, குருவிக்கு வச்ச மாதிரி இருக்கு" என்றாள். பார்க்க அப்படித்தான் இருக்கும். மீதியைக் காய்கறி நிரப்பும், பொறுங்கள்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். துரம் கோதுமை ரவை என்று போட்டிருப்பது நல்லது, குழையாமல் வேகும். மைதா கலந்தது சீக்கிரம் கூழாகிவிடும்.

இரண்டாம் படி: புடலங்காயை இழையாக்குங்கள்

இந்த முறைக்கு உயிரே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டுச் செய்முறைகளில் சுக்கினி என்ற காயை நூலாகச் சீவிப் பாஸ்தாவுக்குப் பதிலாகப் போடுவார்கள். நம் பக்கம் அது பெரிய கடைகளில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். வடசேரிச் சந்தையிலோ மார்த்தாண்டத்திலோ காய் வாங்கப் போகிற நமக்குப் புடலங்காய் இருக்கிறது. அதுவும் சுக்கினி மாதிரியே நீர் நிறைந்த காய், 100 கிராமில் 20 கலோரிகூடத் தேறாது. பந்தலில் நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்த்த நீளப் புடலை கிடைத்தால் அதையே எடுங்கள், இழை நீளமாக வரும். நகத்தால் கிள்ளினால் சட்டென்று உள்ளே இறங்க வேண்டும், விதை முற்றிய காய் வேண்டாம்.

ஒரு ஆளுக்கு 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சைக் கத்தியின் முதுகால் சுரண்டிக் கழுவி, ஒரு சாண் நீளத் துண்டுகளாக வெட்டி, நெடுக்காகப் பிளந்து விதையையும் பஞ்சையும் கரண்டியால் வழித்துவிடுங்கள். இப்போது கையில் இருப்பது ஓடம் மாதிரி ஒரு தோடு. அதைப் பலகையில் கவிழ்த்து அழுத்தி, நெடுக்காகவே மெல்லிய நாடாவாக அரிய வேண்டும், தீக்குச்சியின் கனம் போதும். மிகவும் மெல்லிசாக அரிந்தால் சூட்டில் கரைந்துவிடும், தடித்தால் பாஸ்தாவோடு சேராமல் துவரன் (பொரியல்) மாதிரி தனித்து நிற்கும். அரிந்ததும் அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு தடவை தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து எடுங்கள். பிழியாமல் போட்டால் சட்டியில் தண்ணீர் விட்டு எல்லாம் ரசமாகிவிடும். முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது.

புடலை கிடைக்காத நாளில் முட்டைக்கோஸை நீளநீளமாக அரிந்து போடலாம், அதுவும் 100 கிராமுக்கு 25 கலோரிதான். சுரைக்காயும் ஆகும், நடுச்சதையை எடுத்துவிட வேண்டும். கேரட்டை மட்டும் அதிகமாகச் சேர்க்காதீர்கள், கலோரிக்காக இல்லை, இனிப்புத் தூக்கிவிடும்.

மூன்றாம் படி: பாஸ்தாவை வேகவிடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு பாஸ்தா. தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், ஒட்டாமல் இருக்க முதல் ஒரு நிமிஷம் கிளறிவிட்டாலே போதும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். மீதி வேக்காடு சாஸில் நடக்கும். வடிக்கும் முன் அரை தம்ளர் தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாவுத் தண்ணீர்தான் வெண்ணெயும் கிரீமும் இல்லாமலே சாஸைக் கெட்டியாக்கிப் பாஸ்தாவில் பிடிக்க வைக்கும். நம்மில் பலர் வடித்ததும் பச்சைத் தண்ணீர் விட்டு அலசுகிறோம், அது அந்தப் பசையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அலசாதீர்கள்.

நான்காம் படி: மீன் சாஸ்

பாஸ்தாவில் மீனா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இத்தாலியின் சிசிலித் தீவில் சாளை (மத்தி மீன்) போட்ட பாஸ்தா பாரம்பரியச் சாப்பாடு. கடலோரத்துக்காரர்களுக்கு எங்கே போனாலும் மீன் இல்லாமல் முடியாது போல. குளச்சலில் இருந்தும் தேங்காய்ப்பட்டணத்தில் இருந்தும் மீன் வருகிற ஊரில் இருந்துகொண்டு நாம் ஏன் சீஸுக்குப் போக வேண்டும்? சூரை மீன் 100 கிராமில் 110 கலோரி அளவுதான், புரதம் 22 கிராமுக்குக் குறையாது. புரதம் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்காது, எடை குறைக்கிறவர்களுக்கு அதுதானே வேண்டும். சாளையில் கொழுப்பு கூட, ஆனால் நல்ல கொழுப்பு, அளவாகப் போட்டால் ருசியும் தூக்கலாக இருக்கும்.

ஒரு ஆளுக்குச் சூரைத் துண்டு 100 கிராமை மஞ்சள்தூள், உப்பு, ஒரு கை தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, ஆறியதும் முள்ளும் தோலும் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒன்றரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், பாட்டிலைச் சாய்க்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டியிலேயே 120 கலோரி இருக்கிறது, கண்ணளவுக்கு ஊற்றினால் கை தானாக இரண்டு மூன்று கரண்டிக்குப் போய்விடும். எண்ணெய் காய்ந்ததும் நாலு பல் பூண்டு, ஐந்தாறு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கருவேப்பிலை, கீறிய காந்தாரி மிளகு (காரமான குட்டி மிளகாய்) இரண்டு. உள்ளி கண்ணாடி மாதிரி ஆனதும் பழுத்த தக்காளி இரண்டை நறுக்கிப் போட்டு, உப்பு சேர்த்து, மூடி, சிறு தீயில் பத்து நிமிஷம் விடுங்கள். தக்காளி கரைந்து ஓரத்தில் எண்ணெய் பளபளக்கும்போது உதிர்த்த மீனைச் சேர்த்து, நல்லமிளகுப் (குறுமிளகு) பொடி ஒரு சிட்டிகை தாராளமாகவே போடுங்கள்.

மீன் வேண்டாதவர்கள் வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கிண்ணம் போடலாம். கலோரி கொஞ்சம் கூடும், புரதம் குறையும், ஆனால் நார்ச்சத்து இருப்பதால் வயிறு நிற்கும்.

ஐந்தாம் படி: சேர்ப்பது

வடித்த பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரையும் சாஸில் ஊற்றித் தீயைக் கூட்டி இரண்டு நிமிஷம் புரட்டுங்கள். சாஸ் திரண்டு பாஸ்தாவில் ஒட்டியதும் கடைசியில்தான் புடலை இழை. போட்டு ஒரு நிமிஷம், அவ்வளவுதான், அடுப்பை அணைத்துவிடுங்கள். பச்சை நிறம் மாறாமல், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். உடனே சாப்பிடுங்கள், வைத்திருந்தால் புடலை மறுபடி தண்ணீர் விடும்.

என்றைக்காவது வெள்ளை சாஸுக்கு நாக்கு ஏங்கினால் அதற்கும் வழி இருக்கிறது. காலிபிளவர் 200 கிராமைப் பூண்டோடு நன்றாகக் குழைய வேகவைத்து, 100 மில்லி பால், ஒரு சீஸ் துண்டு, நல்லமிளகு சேர்த்து மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அரையுங்கள். இரண்டு பேருக்கு வரும், மொத்தமே 170 கலோரி அளவுதான். தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்பீர்கள், நம் ஊரில் அந்த ஆசை வராமல் இருக்காது. கெட்டியான முதல் பாலில் 100 மில்லிக்கு 200 கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டாம் பாலில் கால் தம்ளர் ஊற்றிக்கொள்ளுங்கள், மணத்துக்கு அது போதும்.

மாற்றுப் பாஸ்தாக்கள் பற்றி

கடையில் கோதுமைப் பாஸ்தா, சிறுதானியப் பாஸ்தா, கடலைமாவுப் பாஸ்தா எல்லாம் உடம்புக்கு நல்லது என்ற பெயரில் விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் கலோரி கிட்டத்தட்ட அதேதான், 100 கிராமுக்கு 340, 350 என்று நிற்கும். முழுக் கோதுமையில் நார்ச்சத்து கூட, கடலையில் புரதம் கூட, அதற்காக வாங்குங்கள். கலோரி குறைவு என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிட்டுவிடாதீர்கள். சேமியாவும் இதே கணக்குதான். நாம் ஆசையாகச் சாப்பிடும் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் அவித்த பிறகு 100 கிராமுக்கு 150 கலோரியை ஒட்டி, வெந்த பாஸ்தா அளவுக்கே வருகிறது. கிழங்கும் சாளைக்கறியும் சாப்பிடுகிற நாளில் பாஸ்தாவை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

உண்மையிலேயே கலோரி மிகக் குறைந்தது ஷிராட்டாக்கி என்ற ஜப்பானிய நூடுல்ஸ்தான், 100 கிராமுக்குப் பத்து கலோரி அளவில் இருக்கும். கொன்ஜாக் என்ற கிழங்கில் இருந்து எடுக்கிறார்கள், நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம் அது. ஆனால் சேனையில் மாவுச்சத்து நிறைய, அதை வைத்து இதைச் செய்ய முடியாது. இணையத்தில் வாங்கலாம், திறந்ததும் ஒரு மாதிரி வாடை வரும், நாலைந்து தடவை அலசிவிட்டு வெறும் சட்டியில் வறட்டி எடுத்தால் போய்விடும். எனக்கு அந்த ரப்பர் தன்மை ஒத்துவரவில்லை, விலையும் கட்டவில்லை. அதனால்தான் பாதிப் பாஸ்தா, பாதிப் புடலை என்று இந்தக் கலவைக்கே வந்து நின்றேன். பாஸ்தாவே இல்லாமல் வெறும் காய் இழையை மட்டும் சாஸில் போட்டுச் சாப்பிட்டும் பார்த்தேன், அரை மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிட வாய்ப்புண்டு.

மறுநாள் மகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு வேண்டுமானால் பாஸ்தாவையும் மீன் சேர்க்காத சாஸையும் மட்டும் கலந்து குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள். புடலையை முதல் நாளே அரிந்து, உப்புப் போடாமல், ஈரம் இல்லாத டப்பாவில் மூடி வைத்தால் காலையில் உப்புப் பிசறிப் பிழிந்து சேர்க்கப் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஆகும்.