அமெரிக்காவில பாலைவன பார்க் பாக்கப்போற எங்கட ஆக்களுக்கு: காசு, பாஸ், சனநெரிசல்

யாழ்ப்பாணத்தில இப்ப வீட்டுக்கு வீடு வெளிநாட்டில ஒரு பிள்ளை இருக்கு, விசிட் விசா கிடைச்சு லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் மகனிட்டயோ மகளிட்டயோ போற அம்மா அப்பாமாரை கட்டாயம் ஒரு சனிக்கிழமை காரில ஏத்தி ஜோசுவா ட்றீ, டெத் வேலி, கிரான்ட் கன்யன் எண்ட நஷனல் பார்க்குகளுக்கு கூட்டிக்கொண்டு போவினம். போன மார்ச்சில நானும் அம்மா அப்பாவோட தம்பியிட்ட போய் இதெல்லாம் பாத்திட்டு வந்தனான். வந்த நாள்ல இருந்து அடுத்ததா போற சொந்தக்காரர் எல்லாரும் போன் எடுத்து ஒரே கேள்வியைத்தான் கேக்கினம், எவ்வளவு காசு, எந்த பாஸ், எத்தினை மணிக்கு போகவேணும் எண்டு. அதால இஞ்ச ஒரேயடியா எழுதிவிடுறன்.

முதல்ல காசு. 2026 ஜனவரி 1 இல இருந்து அங்க ஒரு புது சட்டம் வந்திருக்கு. அமெரிக்காவில வசிக்காத ஆக்கள், 16 வயசும் அதுக்கு மேலயும் எண்டால், 11 பார்க்குகளில வழமையான நுழைவுக்காசுக்கு மேலதிகமா தலைக்கு 100 டொலர் கட்டவேணும். சிகிரியாவில வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை எங்களுக்கு ஒரு விலை எண்டு இருக்கெல்லே, அதே மாதிரித்தான், அங்க வெளிநாட்டுக்காரர் நாங்கள். அந்த 11 எதெண்டால் அக்காடியா, பிறைஸ் கன்யன், எவர்கிளேட்ஸ், கிளேசியர், கிரான்ட் கன்யன், கிரான்ட் டீட்டன், ரொக்கி மவுன்டன், செக்கோயா கிங்ஸ் கன்யன், யெலோஸ்டோன், யொசெமிற்றி, ஸயன்.

இந்த லிஸ்டை ஒருக்கா வடிவா பாருங்கோ. பாலைவனப் பக்கத்தில இருக்கிறதில கிரான்ட் கன்யன், ஸயன், பிறைஸ் மூண்டும்தான் இதுக்குள்ள வருது. ஜோசுவா ட்றீ இல்லை, டெத் வேலி இல்லை, ஆர்ச்சஸ் இல்லை, வைற் சான்ட்ஸ் இல்லை, சவாரோவும் இல்லை. அங்கயெல்லாம் பழைய மாதிரி காருக்குத்தான் காசு, ஆளுக்கு இல்லை. ஜோசுவா ட்றீக்கும் டெத் வேலிக்கும் ஒரு காருக்கு 30 டொலர், அதோட ஏழு நாளைக்கு திரும்பத் திரும்ப உள்ள போய் வரலாம். காருக்குள்ள அஞ்சு பேர் இருந்தாலும் அதே 30 தான். அதால பாலைவனம் ஒண்டை பாத்தால் காணும் எண்டு நினைக்கிற அம்மா அப்பாமாருக்கு நான் மனசார சொல்லுறது ஜோசுவா ட்றீயும் டெத் வேலியும்தான். காசுக்காக மட்டும் சொல்லேல்ல, லொஸ் ஏஞ்சல்ஸில இருந்து ஜோசுவா ட்றீக்கு இரண்டரை மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம், முழங்கால் நோ இருக்கிற ஆக்களும் காரால இறங்கி நாலடி நடந்தாலே பாக்கவேண்டியதை பாத்திடலாம்.

இல்லை கிரான்ட் கன்யனும் ஸயனும் பாக்கத்தான் வேணும் எண்டால் வெளிக்கிட முதல் ஒரு கடதாசி எடுத்து கணக்கு பாருங்கோ. இந்த நஷனல் பார்க் எல்லாத்துக்குள்ளயும் ஒரு வருஷம் போய் வாற வருஷ பாஸ் வெளிநாட்டு ஆக்களுக்கு 250 டொலர், அந்த பாஸ் இருந்தால் 100 டொலர் கட்டத்தேவையில்லை, அதே காரில வாற ஆக்களுக்கும் சேத்துத்தான் அது. ஸயனுக்கு காருக்கு 35 டொலர். அம்மா அப்பா இரண்டு பேர் எண்டால் 35உம் 200உம் சேந்து 235, பாஸை விட 15 டொலர் குறைவு, ஆனால் அடுத்த நாள் கிரான்ட் கன்யனுக்கும் போனால் இன்னொரு 235 கட்டவேணும். நாங்கள் மூண்டு பேர் போனனாங்கள், எங்களுக்கு ஸயன் ஒண்டுக்கே 335 வந்திருக்கும், அதால யோசிக்காமல் 250க்கு பாஸை எடுத்தம். தனி ஒரு ஆள் எண்டாலும் இரண்டு பார்க் போனால் 270, அப்பவும் பாஸ்தான் லாபம். பாஸ் ஆற்ற பேரில இருக்கோ அவர் காருக்குள்ள இருக்கவேணும், படத்தோட ஐடியும் காட்டவேணும், அதால பாஸ்போட்டை ஹோட்டல் றூமுக்குள்ள வைச்சிட்டு போகாதேங்கோ.

அங்க வசிக்கிற பிள்ளையளுக்கு வருஷ பாஸ் 80 டொலர், அதை எடுக்கிறதுக்கு அமெரிக்க அரசாங்கம் குடுத்த ஐடி வேணும், டிறைவிங் லைசன்ஸ் காணும். இன்னொரு விஷயம் எங்கட கனபேருக்கு தெரியாது. கிறீன் காட் கிடைச்சு அங்கயே போய் இருக்கிற அம்மா அப்பாமார் 62 வயசு தாண்டியிருந்தால் அவைக்கு சீனியர் பாஸ் எடுக்கலாம், ஆயுளுக்கும் செல்லுபடியாகிறது 80 டொலர், ஒரு வருஷத்துக்கு மட்டும் எண்டால் 20 டொலர். சிற்றிசன் தான் எடுக்கலாம் எண்டு நினைச்சுக்கொண்டு எத்தினை பேர் எடுக்காமல் இருக்கினம் தெரியுமே. அதே மாதிரி அங்க நாலாம் வகுப்பு படிக்கிற பேரப்பிள்ளை இருந்தால் அந்த ஒரு வருஷத்துக்கு பிள்ளைக்கு இலவச பாஸ் இருக்கு, பள்ளிக்கூடத்தில சொல்லாட்டியும் நீங்கள் கேளுங்கோ. இலவச நாள் எண்டு வருஷத்தில சில நாள் விடுறவை, அது இப்ப அங்க வசிக்கிற ஆக்களுக்கு மட்டும்தான், அதை நம்பி பயணத்தை போடாதேங்கோ.

பாஸை எங்க எடுக்கிறது? ரெக்ரியேஷன் டொட் கவ் (recreation.gov) எண்ட அரசாங்க வெப்சைற்றில ஒன்லைன்ல எடுக்கலாம், போனிலேயே வைச்சிருக்கிற டிஜிற்றல் பாஸ் இப்ப குடுக்கினம். கேற்றிலயும் எடுக்கலாம். தம்பி அவசரத்தில கூகிள்ல தேடி முதல்ல வந்த ஒரு சைற்றுக்குள்ள போய் எல்லா விபரமும் அடிச்சு காட் நம்பரும் குடுத்தாப்பிறகுதான் பாத்தது, கடைசி வரியில சர்விஸ் சார்ஜ் எண்டு தனியா ஒரு தொகை போட்டு எடுத்திருக்கு, அதை திருப்பி வேண்டவும் முடியேல்ல. பாக்கிறதுக்கு அரசாங்க சைற் மாதிரியே மலை, மான் படமெல்லாம் போட்டு கிடந்தது. அதால அட்ரஸ் கவ் எண்டு முடியுதோ எண்டு பாத்திட்டு காட் நம்பரை அடியுங்கோ. காட் எண்ட உடன இதையும் சொல்லவேணும், ஊரில இருந்து டொலர் தாள் மாத்திக்கொண்டு போற ஆக்களுக்கு, டெத் வேலியில பார்க்குக்கு கட்டுற காசு தாளா எடுக்கமாட்டினம், காட் மட்டும்தான். அங்க எல்லா றோட்டிலயும் ஆள் இருக்கிற கேற்றும் இல்லை, மெஷினிலயோ பேர்னஸ் கிறீக் விசிற்றர் சென்ரரிலயோ நீங்களா போய் கட்டவேணும். ஒருத்தரும் மறிக்கேல்ல எண்டு கட்டாமல் போகாதேங்கோ.

பாஸ் செல்லாத இடமும் இருக்கு. படங்களில சிவப்பு கல்லுக்குள்ளால வெளிச்சம் விழுற அன்ரலோப் கன்யன் பாத்திருப்பியள், அது நவஹோ எண்ட பழங்குடி ஆக்களின்ர நிலம், அங்க அவையின்ர கைட்டோட மட்டும்தான் போகலாம், காசும் அவைக்குத்தான். மொனுமென்ற் வேலியும் அவையின்ரதான், ஆளுக்கு 8 டொலர். பக்கத்தில ஹோஸ் ஷூ பென்ட் எண்ட இடத்தில பேஜ் நகரசபை பாக்கிங் காசு எடுக்குது, அங்கயும் பாஸை காட்டி வேலையில்லை.

இனி சனம். எங்களுக்கு மணற்காட்டு மணல்மேடு மாதிரி ஒரு மனக்கணக்கு இருக்கு, பாலைவனம் எண்டால் கேற்றும் இல்லை ஆளும் இல்லை, எப்ப வேணுமெண்டாலும் போய் ஏறலாம் எண்டு. அங்க அப்பிடி இல்லை. நாங்கள் முதல்நாள் ஜோசுவா ட்றீக்கு வெளிக்கிட்டு ஊருக்குள்ளால போற மேற்கு கேற்றுக்கு போய் சேர பத்தரை ஆகிட்டுது, நல்லூர் தேருக்கு வாகனம் நிக்கிற மாதிரி கண்ணுக்கு எட்டின தூரம் கார், ஒரு காரடி நகருறதும் பேந்து நிக்கிறதும். உள்ள போனால் ஹிடின் வேலி பாக்கிங்கில இடமே இல்லை, நாலு சுத்து சுத்திப்போட்டு அம்மாவும் நானும் இறங்காமலே திரும்பினம். அடுத்த நாள் விடிய அஞ்சுக்கு வெளிக்கிட்டு ஏழரைக்கு முதல் போனம், கேற்றில எங்களுக்கு முன்னால மூண்டு கார் மட்டும்தான், அதே பாக்கிங்கில முக்கால்வாசி இடம் வெறுமையா கிடந்தது.

விடிய எழும்ப ஏலாதெண்டால் கேற்றை மாத்துங்கோ. ஜோசுவா ட்றீக்கு மூண்டு வாசல் இருக்கு, எல்லாரும் மேற்கு வாசலுக்குத்தான் போறது, டுவென்ரி நைன் பாம்ஸ் பக்கம் இருக்கிற வடக்கு வாசலில நெரிசல் குறைவு, ஐ 10 ஹைவேயால வந்து ஏறுற தெற்கு வாசலும் அப்பிடித்தான். கிரான்ட் கன்யனிலயும் தெற்கு கேற்றில நேரக்கணக்கா நிப்பினம், கிழக்கால டெசேட் வியூ பக்கம் வந்தால் சுகம். ஸயனில பள்ளத்தாக்குக்குள்ள ஷட்டில் பஸ் ஓடுற காலத்தில சொந்த கார் விடமாட்டினம், பஸ் இலவசம், ஆனால் பஸ் எடுக்கிற இடத்தில காரை விட விடியவே இடம் முடிஞ்சிடும், ஸ்பிறிங்டேல் ஊருக்குள்ள காரை விட்டிட்டு அங்க ஓடுற இலவச பஸ்ஸில வாங்கோ. அங்க ஏஞ்சல்ஸ் லான்டிங் எண்ட மலையில ஏறப்போற இளம் ஆக்கள் கவனிக்கவேண்டியது, 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்கு லொட்டரியில பெர்மிற் எடுக்கவேணும், போய் நிண்டு கேட்டு பிரயோசனமில்லை.

நாளையும் பாத்து போடுங்கோ. மே கடைசித் திங்கள், செப்ரெம்பர் முதல் திங்கள், நவம்பர் தாங்ஸ்கிவிங், பேந்து மார்ச் ஏப்ரல்ல வாற ஸ்பிறிங் பிறேக், இந்த லீவுகளில போகவேண்டாம். பிள்ளையள் வேலைக்கு போற ஆக்கள் எண்டு தெரியும், ஆனாலும் ஒரு செவ்வாயோ புதனோ லீவு போடச்சொல்லி கேளுங்கோ, சனிக்கிழமைக்கும் புதனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியா வெய்யில், இதைத்தான் நான் ஆகலும் அழுத்திச் சொல்லவேணும். அப்பா காரால இறங்கேக்க சொன்னவர், எங்களுக்கு வெய்யில் புதுசே, சித்திரை வெய்யிலுக்க தோட்டத்தில நிண்டனாங்கள் எண்டு. ஆனால் எங்கட வெய்யில் வேறை. இஞ்ச வேர்த்து சட்டை நனைஞ்சு ஒட்டும், தாகம் எடுக்கும், நிழலுக்கு போவம். அங்க காத்து அவ்வளவு காய்ஞ்சு, வேர்வை தோலில தங்காமலே பறந்திடும். ஒரு மணித்தியாலம் நடந்திட்டு வந்து அப்பா கல்லில இருந்தார், சட்டை ஒரு பொட்டு ஈரமில்லை, முதுகுப்பக்கம் பாத்தால் வெள்ளையா உப்பு கோடு கோடா படிஞ்சு கிடக்கு. தம்பி ஓடிவந்து, அப்பா குடியுங்கோ குடியுங்கோ எண்டு போத்தலை கையில குடுத்தான். மார்ச் மாசத்திலயே அப்பிடி. டெத் வேலி பேர்னஸ் கிறீக்கில 1913 ஜூலை 10 இல 56.7 பாகை செல்சியஸ் பதிஞ்சிருக்கு, ஆடி மாசம் சாதாரணமாவே பகலில 47 பாகை போகும். வெய்யில் காலத்தில பத்து மணிக்கு பிறகு நடக்கவேண்டாம் எண்டு அங்க போட் போட்டு வைச்சிருக்கினம், சும்மா போடேல்ல, சனம் செத்தபடியால் போட்டது. யூன் தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் வயசான ஆக்களை அங்க கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம், நவம்பர் தொடக்கம் மார்ச் நல்ல காலம்.

தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் காருக்குள்ள இருக்கவேணும், ஜோசுவா ட்றீ உள்ளுக்க தண்ணி எடுக்க ஏலாது, ஓரத்தில சில இடத்தில மட்டும்தான் பைப் இருக்கு. கடையும் இல்லை, போனில சிக்னலும் இல்லை, மப்பையும் பாஸையும் முதல் நாளே போனில இறக்கி வையுங்கோ. தண்ணியை மட்டும் குடிச்சாலும் காணாது, உப்பும் போகவேணும். அதுக்கு அம்மா ஊரில இருந்து கொண்டுபோன பருத்தித்துறை வடையை விட நல்ல சாமான் நான் காணேல்ல, நாள்பட்டாலும் கெடாது, உப்பும் உறைப்பும் இருக்கு, வெய்யிலுக்க கிடந்தாலும் இளகாது. பெரிய பாக்கா கொண்டு போங்கோ.

பின்னேரம் ஜோசுவா ட்றீயில கீஸ் வியூ எண்ட உயரமான இடத்தில சூரியன் படுறதை பாத்திட்டு எல்லாரும் ஒரே நேரத்தில காரை எடுப்பினம், வெளிய போற றோட்டிலயும் திரும்ப வரிசை. நீங்கள் அவசரப்படாதேங்கோ. பாக்கிங்கிலேயே முக்கால் மணித்தியாலம் லைற்றை நூத்திட்டு இருங்கோ, ஒரு சுவெற்றரை போட்டுக்கொண்டு, ஏனெண்டால் பொழுதுபட்ட உடன குளிர் இறங்கும். நாங்கள் அப்பிடி இருந்தனாங்கள், அம்மா கார் கதவை பிடிச்சுக்கொண்டு அண்ணாந்து பாத்தபடி, சின்னனில கரண்ட் வர முதல் எங்கட முத்தத்தில இருந்து பாத்த வானம் இது எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவ. நாங்கள் வெளிக்கிடேக்க றோட்டில முன்னுக்கு ஒரு காரும் இல்லை.