தீம் பார்க் ஆண்டு விழாவுக்கு எப்போது போகலாம்?

பூங்கா திறந்த பிறந்தநாளன்றே போக வேண்டாம். அன்றுதான் கூட்டம் நெரியும். பெரிய பூங்காக்களின் விழா ஒரே நாளில் முடிவதில்லை. ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு திறந்தது 1971 அக்டோபர் 1. அதன் பொன்விழா 2021 அக்டோபர் 1 முதல் 2023 மார்ச் 31 வரை, 18 மாதம் நடந்தது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் பிறந்தநாள் ஜூலை 17. 70-ஆம் ஆண்டு விழாவோ 2025 மே 16-இலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே தொடக்க வாரத்தையும் பள்ளி விடுமுறையையும் விட்டு, இடையில் ஒரு வாரநாளைப் பிடியுங்கள். விழா முத்திரை பதித்த பொருள் வேண்டுமென்றால் காலையிலேயே கடைக்குப் போய்விடுங்கள். பொன்விழாவின் 50 பொன்னிறச் சிலைகள் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் 4 பூங்காக்களில் பரவிக் கிடந்தன. ஒரே பூங்காவுக்கான ஒரு நாள் டிக்கெட்டில் எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம்.

கோட்டையோடு படம் எடுப்பதற்காகவே போகிறவர்கள் அலங்காரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 1996-இல், 25-ஆம் ஆண்டுக்காக, வால்ட் டிஸ்னி வேர்ல்டின் சின்ட்ரெல்லா கோட்டையையே இளஞ்சிவப்புக் கேக்காக மாற்றிவிட்டார்கள்!