பழைய ஓவியங்களில் குழந்தைகள்: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஓவியங்களை வாசிக்கப் புதிதாக வருபவர்களுடன் உட்காரும்போதெல்லாம் ஒரே தடுமாற்றங்களைப் பார்க்கிறேன். ஆண்டு, பெயர் மாறிப்போவதை விட்டுவிடலாம். பழகப் பழகச் சரியாகிவிடும்.

கவுன் போட்டிருந்தால் பெண் குழந்தை என்பது

பையன்களுக்கும் ஐந்தாறு வயதுவரை கவுன்தான். 1742இல் ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த கிரகாம் குடும்பக் குழந்தைகளில், இடப்பக்கம் கவுனோடு உட்கார்ந்திருக்கும் தாமஸ் ஆண் குழந்தை.

இளஞ்சிவப்பு, நீலம்

பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம் என்பது 20ஆம் நூற்றாண்டில் ஊன்றிய வழக்கம். பழைய படத்தில் தேடாதீர்கள்.

"அந்தக் காலத்தில் பிள்ளைகள் மேல் பாசமே இல்லை"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் ஆற்றாமை வரும். ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கஸ் 1659இல் வரைந்த ஸ்பெயின் இளவரசர் பெலிப்பே ப்ராஸ்பெரோவைப் பற்றி ஒரு மாணவி எழுதி வந்தார். இரண்டு வயதுக் குழந்தை நாற்காலியில் கைவைத்து விறைப்பாக நிற்கிறது. ஆகவே பெற்றோருக்கு அன்பில்லை என்பது அவர் முடிவு. கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரியை நம்பியே நின்றதால், மொத்தத்தையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அந்தக் குழந்தையின் வெள்ளை ஏப்ரனைப் பாருங்கள். சிறுமணியும் தாயத்துகளும் தொங்குகின்றன. கண்ணேறு படக் கூடாது, நோய் அண்டக் கூடாது என்று கட்டியவை. மூத்த இளவரசர் 1646இல் இறந்தபின் பதினோரு ஆண்டுகள் ஆண் வாரிசே இல்லாத வீடு அது. பிறந்த இந்தப் பிள்ளையும் நோஞ்சான். 1661இல், நான்கு வயது நிறையும் முன்பே போய்விட்டான். ஓவியம் போனதோ வியன்னாவில் ஆண்ட, அதே ஹாப்ஸ்பர்க் அரச குலத்து உறவினர்களுக்கு. அந்த விறைப்பு, எங்களுக்கு வாரிசு இருக்கிறான் என்று அவர்களுக்குச் சொல்லும் சேதி. தாயத்துகளில் தெரிவது வீட்டாரின் பயம். படம் யாருக்காக வரையப்பட்டது என்று கேட்காமல் நிற்கும் நிலையை மட்டும் பார்த்தால் இந்தப் பயம் கண்ணில் படாது.

பாசமே இல்லை என்பதற்குப் பலரும் துணைக்கு அழைப்பது 1960இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் முன்வைத்த வாதத்தை. இடைக்காலச் சமூகத்தில் குழந்தைப் பருவம் என்ற கருத்து இல்லை என்றுதான் அவர் சொன்னார். பாசத்தை அதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது என்றும் அவரே எழுதினார். அந்தப் பாதியை யாரும் படிப்பதில்லை. 1983இல் வரலாற்றாசிரியர் லிண்டா பொல்லாக் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, பிள்ளை நோயில் விழுந்தபோது பெற்றோர் பட்ட பாட்டை எடுத்துக் காட்டினார். படத்தோடு இப்படிப்பட்ட எழுத்துகளையும் வைத்துப் படியுங்கள்.

பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றுவது

ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த சிவப்பு உடைச் சிறுவன் மனுவேல் ஒசோரியோ 1792இல் இறந்தான். ஆனால் படத்துக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தரும் காலம் 1787–88. அதில் பறவையை முறைக்கும் பூனைகளைக் கண்டதும் அவன் சாவின் முன்னறிவிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கிரகாம் படத்தில் கடிகாரத்தின் மேலுள்ள அரிவாளை, சாவின் அடையாளமாக வாசிக்கலாம். ஓவியம் முடிவதற்குள் தாமஸ் இறந்துவிட்டான்.

சிரிக்கும் ஏழைச் சிறுவர்கள்

17ஆம் நூற்றாண்டு ஓவியர் முரில்யோ வரைந்த, ஸ்பெயினின் செவில்லே நகரத் தெருப்பையன்கள் பழம் தின்று சிரிக்கிறார்கள். வாங்கி மாட்டியவர்கள் வசதியான வணிகர்கள். அந்தச் சிரிப்பை வைத்து வறுமையை அளக்காதீர்கள்.