முதல் எபிசோட் முடிந்ததும் பேனாவை எடுக்கிறவர்களுக்கு

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் போன சனிக்கிழமை ஒரு பத்தாம் வகுப்புப் பையன் தான் எழுதிய விமர்சனத்தை வாசித்தான். புதிதாக வந்த ஒரு கொரியப் பள்ளிக்கூடத் தொடர், இரண்டு எபிசோட் பார்த்திருக்கிறான். நடுவில் ஒரு வரி: ‘நாயகனுக்கு முகம் நடிக்கிறது, குரல் நடிக்கவில்லை.’ எனக்குக் காது சுட்டது. சில வருடங்களுக்கு முன் நான் எழுதி அச்சில் வந்த வரி, ஏறக்குறைய அப்படியே.

கதையின் திருப்பத்தைப் போட்டு உடைக்காதே, நடிகர் பெயரைத் தப்பாக எழுதாதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத் தொடர்களுக்கு விமர்சனம் எழுதும்போது தெரியாமலே செய்கிற தப்புகள் சிலதை மட்டும் சொல்கிறேன்.

டப்பிங் குரலுக்கு நடிகரைத் திட்டுவது

“எந்த மொழியில பாத்த?” என்றேன்.

“தமிழ்லதான் சாரே.”

“மக்ளே, அப்போ அது அவனுக்க குரல் இல்லியே.”

பையன் விழித்தான். நானும் அன்றைக்கு இப்படித்தான் விழித்தேன். நான் எழுதியது ஒரு மலையாளப் பள்ளிக்கூடத் தொடரைப் பற்றி. தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு, ‘முகம் நடிக்கிறது, பையன் வசனத்தை ஒப்பிக்கிறான்’ என்று ஒரு சிறுபத்திரிகையில் எழுதினேன். இதழ் வந்த வாரமே ஆசிரியர் கூப்பிட்டார். கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஒரு வாசகர் ஒற்றை வரியில் கடிதம் போட்டிருந்தாராம்: ‘கட்டுரையாளர் கேட்டது யாருடைய குரல்?’

அன்று இரவு மலையாளத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் நான்கு எபிசோடிலும் தொடரில் வரும் பையன் நாயகியைத் ‘தான்’ என்றுதான் கூப்பிடுகிறான். மலையாளத்தில் அது கொஞ்சம் எட்ட நின்று பேசுகிற ‘நீ’. ஐந்தாவதில், பஸ் ஸ்டாப்பில், ஒரே ஒரு இடத்தில் வாய்தவறி ‘நீ’ என்கிறான். சொல்லும்போது குரல் உடைகிறது, உடைகிற வயது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். தொடரின் உயிரே அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. தமிழில் முதல் காட்சியிலிருந்தே ‘நீ’. பேசியது வளர்ந்த ஆள் ஒருவரின் சீரான குரல். அவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்றே எனக்குப் புரிந்திருக்கவில்லை. ‘தேவையில்லாத ரியாக்‌ஷன்’ என்று அதையும் சேர்த்துக் கிண்டலடித்திருந்தேன்.

அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்து ஒரு பெட்டிச் செய்தி. அதற்கப்புறம் ஒரு வருடம் அந்தப் பத்திரிகையில் எனக்கு இடமில்லை. அது போகட்டும். இன்னும் எரிச்சல் தீராததற்குக் காரணம் வேறு. களியக்காவிளை தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் விளவங்கோடு தாலுகாவே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளம் கேட்டே வளர்ந்த காது இது. ரிமோட்டில் ஒரு பட்டன் அமுக்கியிருந்தால் போதும். சோம்பல்!

டப்பிங் கலைஞர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வேலை கடினம். திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி ஒரு எழுத்து விழ வேண்டும், வாய் அசைகிற நேரத்துக்குள் வாக்கியம் முடிய வேண்டும். அதற்காக அர்த்தம் கொஞ்சம் அப்படி இப்படி நகரும். மூச்சும் விம்மலும்கூடப் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதிதாகப் போட்டவைதான். அதுவும் நடிப்புத்தான். ஆனால் இன்னொருவருடைய நடிப்பு. பாராட்டினாலும் திட்டினாலும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசியில் ஓடும் பெயர்களில் டப்பிங் குழுவும் சில சமயம் இருக்கும். அதற்குள் அடுத்த எபிசோட் தானாகத் தொடங்கிவிடும். நிறுத்திப் பாருங்கள்.

கொரியத் தொடருக்கு என்ன செய்வது, மொழி தெரியாதே என்று பையன் கேட்டான். நியாயம்தான். மொழி தெரிய வேண்டாம். யாராவது பொய் சொல்கிற அல்லது அழுகையை அடக்குகிற ஒரு காட்சியை மட்டும் மூலக் குரலில், சப்டைட்டிலோடு மறுபடி பார்த்தால் போதும். கொரிய மொழியிலும் மரியாதைப் பேச்சு வேறு, நெருக்கமானவர்களோடு பேசும் பேச்சு வேறு. இரண்டாவதற்குப் ‘பன்மல்’ என்று பெயர். ‘இனி பன்மலில் பேசிக்கொள்ளலாமா’ என்று கேட்பதே அவர்கள் தொடர்களில் ஒரு முக்கியமான காட்சியாக வரும். இவன் பார்த்த டப்பிங்கில் ஆரம்பத்திலிருந்தே எல்லாரும் ‘டா’ போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சைச் சென்னை சீரியலில் யாராவது கொலை செய்தால் நமக்கு எப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது! அவர்கள் பேச்சுக்கும் அதே நியாயம்தானே.

ஒன்றரை வேகத்தில் பார்ப்பது

2025இல் வந்த ‘அடோலசென்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு நான்கே எபிசோட். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. மூன்றாவதில் பெரும்பகுதி, ஓர் அறையில் பதின்மூன்று வயதுப் பையனும் உளவியல் நிபுணரும் பேசிக்கொள்வது மட்டும்தான். அந்தப் பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் வேலை. படமாக்கியதில் முதலில் எடுத்ததும் அந்த எபிசோடைத்தான். அதில் வரும் மௌனங்களை ஓட்டிவிட்டு ‘இழுவை’ என்று எழுதிய ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நல்லா எழுதுகிற பிள்ளை வேறு.

‘கனா காணும் காலங்கள்’ மாதிரி இல்லை என்பது

2006இல் விஜய் டிவியில் அந்தப் பள்ளிக்கூடத் தொடரைப் பார்த்தவர்களுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல். இப்போது வருகிற தொடர் உங்களுக்காக எடுத்தது இல்லை.

வெளிவந்த விதத்தை மறப்பது

2015இல் தொடங்கிய நார்வேயின் ‘ஸ்காம்’ தொடரின் காட்சிகள் கதையில் நடக்கும் நாளிலேயே, நடக்கும் நேரத்திலேயே இணையத்தில் வந்தன. கதையில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பார்க்கிறவர்களுக்கும் வெள்ளிக்கிழமை இரவு. அப்புறம் வாரக் கடைசியில் அவற்றைச் சேர்த்து ஒரு எபிசோட். அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காத்திருப்பைப் பற்றிய காட்சிகள் ஒட்டவில்லை என்றால் எப்படி ஒட்டும்?

எத்தனை எபிசோட் பார்த்தீர்கள் என்று சொல்லாதது

முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

பள்ளிப் பையனாக நடிப்பவருக்கு இருபத்தைந்து வயது என்று கண்டுபிடிப்பது

தெரியும்.