வீட்டு முன் நடைபாதைப் பனி: கனடாவில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"வரி கட்டுகிறோம், நகரசபை வந்து அள்ளட்டும்" என்று இருந்துவிடுவது முதல் தவறு. இந்த விதி நகரத்துக்கு நகரம் மாறும். ரொறன்ரோவில் 2021-22 குளிர்காலத்திலிருந்து பெரும்பாலான நடைபாதைகளை மாநகரசபை இயந்திரமே வழிக்கிறது. இயந்திரம் நுழையாத ஒடுங்கிய இடங்களில் மட்டும், பனி நின்று 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் வழிக்க வேண்டும். கல்கரியில் 24 மணி நேரம். வன்கூவரில் மறுநாள் காலை 10 மணி, சனி ஞாயிறும் விலக்கில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து கல்கரிக்கு வீடு மாறுகிறவர்கள் நகரசபைத் தகவல் இலக்கமான 311-ஐ அழைத்து இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடு இருக்கிறதே என்று பனி முழுதும் ஓயக் காத்திருப்பதும் நல்லதல்ல. நாலு பேர் மிதித்தால் பனி இறுகிக் கல்லாகிவிடும். பிறகு சவலால் முடியாது, பாரையால்தான் கொத்த வேண்டும். ஐந்து சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒருமுறை தள்ளிவிடுங்கள். சவல் அகலத்துக்கு ஒற்றையடிப் பாதை விடாதீர்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அதில் போகாது.

உப்பில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். வழிக்காமல் பனியின் மேலேயே கொட்டினால் மேல்பகுதி கரைந்து கீழே இறங்கி, இரவில் ஐஸாக உறையும். முதலில் தளம் தெரிய வழித்துவிட்டு, மிஞ்சிய ஐஸ் மீது மட்டும் தூவுங்கள். ஒரு பெரிய கோப்பிக் கோப்பை உப்பு, ஏறக்குறைய 350 மில்லிலீற்றர், நடைபாதையின் பத்துக் கட்டங்களுக்குப் போதும். மணிகள் ஒன்றையொன்று தொடாமல் விழுவதே சரியான அளவு. மைனஸ் 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட் வாங்குங்கள், அல்லது பிடிப்புக்கு மணல் போடுங்கள். புதிதாக ஊற்றிய கொங்கிறீற்றுக்கு முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம், மேல்தோல் உரிந்துவிடும்.

அள்ளிய பனியை வீதியில் எறிவது ரொறன்ரோவில் சட்டப்படி குற்றம். வீதியைப் பார்த்து நின்று உங்கள் வலப்பக்கம் குவியுங்கள். வீதி வழிக்கும் வண்டி இடமிருந்து வலமாக வருவதால், இடப்பக்கக் குவியலை அது உங்கள் வாசலுக்கே திரும்பத் தள்ளிவிடும்.

"நடைபாதையில் யார் விழுந்தாலும் வழக்கு என்மேல்தான்" என்ற பயம் ஒன்ராறியோவில் பெரும்பாலும் தேவையற்றது. நகரசபை விதியை மீறினால் தண்டம் உண்டு. அதற்காக மட்டும் நட்டஈட்டுப் பொறுப்பு வந்துவிடாது என்று மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ஆனால் உங்கள் காணியிலிருந்து வழிந்து போகும் ஆபத்து வேறு விடயம், அதற்கு நீங்களே பொறுப்பு. கூரைப் பீலிக் குழாயின் வாயைப் பாருங்கள். பகல் வெயிலில் உருகிய நீர் அதனூடாக நடைபாதையைக் குறுக்கே கடந்து, பொழுது சாய்ந்ததும் கண்ணாடித் தகடு போல உறையும். கறுத்த தாரில் அது கண்ணுக்கே தெரியாது. குழாயைப் புல்தரைப் பக்கம் திருப்பிவிடுங்கள். பனியையும் மேட்டுப் பக்கம் குவிக்காதீர்கள்.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு, "பனி அள்ளுவது உங்கள் வேலை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. வீட்டு வெளிப்பாதைகளைப் பேணுவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை; அப்படியான வரி செல்லாது என்று அதே நீதிமன்றம் 2009-இல் சொன்னது. வாடகைக்கு இருப்பவர் அள்ளுவதென்றால், அதற்குத் தனி வேலை ஒப்பந்தம் வேண்டும்.

விழுந்தவர் நீங்களானால் நாட்களை எண்ணுங்கள். ஒன்ராறியோவில் நகரசபை நடைபாதை என்றால் 10 நாட்களுக்குள், தனியார் இடம் என்றால் 60 நாட்களுக்குள், இடமும் நேரமும் குறித்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஐஸ் உருகுமுன் படம் எடுத்து வையுங்கள்.