ஈறில் இரத்தம் வருகிறதா? பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் முறை

கொய்யாப்பழத்தை ஒரு கடி கடித்துவிட்டுப் பார்த்தால், வெள்ளைச் சதைமேல் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. பல் தேய்க்கும்போது எச்சில் இளஞ்சிவப்பாக வருவது அதற்கு ஆறேழு மாதம் முன்பே தொடங்கியிருந்தது. வலி இல்லாததால் நான் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் சொன்னபோது, "புண்ணா இருக்கும், அந்தப் பக்கம் தேய்க்காம விடு" என்றார்கள். அப்படியே விட்டேன், இரத்தம் கூடியது.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. ஈறு அதை எதிர்த்து வீங்குகிறது, வீங்கிய ஈறு லேசாகப் பட்டாலே கசியும். பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் படலம் இன்னும் தடிக்கும். 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் வீக்கம் வடிந்தது. ஆகவே இரத்தம் வரும் இடத்தைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், மெழுகு பூசிய ஃபிளாஸ் (பல்லிடுக்கை வழித்தெடுக்கும் மெல்லிய நூல்), பல்லிடுக்கு பிரஷ். நீண்ட நாள் உழைக்கும் என்று 'ஹார்டு' பிரஷ் வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ஈறைத் தேய்த்து இறக்கிவிடும். சாம்பல், கரித்தூள், செங்கல் தூள் எதுவும் வேண்டாம், பல்லின் மேல் உறையான எனாமலை அராவிவிடும். சாப்பிட்டதும் ஊக்கையோ துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கையோ எடுத்துக் குத்தும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. முருங்கைக்காய் நார் வெளியே வரும், கூடவே ஈறும் கிழியும்.

படி 1: முதலில் ஒரு ஸ்கேலிங்

நாள்பட்ட படலம் கல் மாதிரி இறுகிவிடும். அதற்கு டார்ட்டர் என்று பெயர். கீழ் முன்பற்களின் உள்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். எந்த பிரஷ்ஷும் அதை எடுக்காது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுப்பதுதான் ஸ்கேலிங்.

"க்ளீன் பண்ணினால் பல் ஆடும்" என்ற பயத்தில் நானே இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். இடுக்கை அடைத்திருந்த கல் போனதும், வீங்கியிருந்த ஈறு வற்றியதும் சந்து தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பல் தளர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். செலவை யோசிப்பவர்கள் அரசு பல் மருத்துவமனைக்குப் போகலாம். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

படி 2: பிரஷ்

காலையிலும் இரவிலும் இரண்டு நிமிடம். பிரஷ்ஷைச் சாய்த்து, நார் பாதி பல்லிலும் பாதி ஈறு விளிம்பிலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். நுரையைத் துப்பிவிட்டு வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும்.

படி 3: ஃபிளாஸ்

நான் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பல்லுக்கு ஐந்து முகம். வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் மூன்றுக்கும் பிரஷ் போகும். பக்கத்துப் பல்லை ஒட்டிய இரண்டு முகத்துக்கும் போகாது. என் டாக்டர், படலம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும் ஒரு சாயச் சொட்டைப் பல்லில் தடவி, கொப்பளிக்கச் சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தார். அன்று காலை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். பல்லின் முகப்பெல்லாம் வெள்ளையாக இருந்தது, ஒவ்வொரு இடுக்கிலும் மட்டும் அடர்ந்த ரோஜா நிறத்தில் ஒரு முக்கோணம்.

முழங்கை நீளத்துக்கு, அதாவது சுமார் 45 செ.மீ. நூலை எடுங்கள். பெரும்பகுதியை ஒரு நடுவிரலிலும் மிச்சத்தை மற்ற நடுவிரலிலும் சுற்றுங்கள். நடுவில் ஓர் அங்குலம் விறைப்பாக இருந்தால் போதும். இரண்டு பல்லுக்கு நடுவே மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்து இறக்குங்கள். சட்டென்று அமுக்கினால் நூல் கத்தி மாதிரி ஈறில் இறங்கும். முதல் வாரம் நான் செய்தது அதுதான்.

இறங்கியதும் நேராக மேலே இழுத்துவிடக் கூடாது. முதலில் ஒரு பல்லை அணைத்தபடி நூலை வளையுங்கள், 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்த மாதிரி. அப்படியே ஈறு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை வழுக்கி, மேலும் கீழுமாக நாலைந்து முறை வழியுங்கள். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லை அணைத்து வழியுங்கள். இந்த இரண்டாவது பல்லைத்தான் நான் மூன்று மாதமாக விட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த இடுக்குக்குப் போகும்போது நூலில் சுத்தமான பகுதியை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இதை இரவில், பல் தேய்ப்பதற்கு முன் செய்வது எனக்குப் பிடித்த வரிசை. இடுக்கு காலியானதும் பேஸ்ட் உள்ளே போகும்.

முதல் சில நாள் நூல் சிவப்பாக வரும், நிறுத்தாதீர்கள். எனக்கு ஒன்பதாம் நாள் கடைவாய்ப்பல் தவிர எங்கும் இரத்தம் இல்லை. இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் ஈறுக்கு அடியில் கல் இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

படி 4: பல்லிடுக்கு பிரஷ்

ஈறு இறங்கிச் சந்து விழுந்த இடத்துக்கு ஃபிளாஸைவிட இதுதான் மேல் என்பது என் கருத்து. சின்னப் புட்டித் தேய்ப்பான் மாதிரி இருக்கும். 0.4 மி.மீ.-இலிருந்து பல அளவுகள் உண்டு. நிறத்தை வைத்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். லேசாக உரசிக்கொண்டு போகும் அளவுதான் சரி. பிரஷ்ஷின் நடுக் கம்பி பல்லில் இடித்தால் பெரிது, எங்கும் படாமல் போய் வந்தால் சிறிது. எனக்கு முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவு தேவைப்பட்டது.

வாசகர்கள் எழுதிய பிறகு சேர்த்தவை

மவுத்வாஷ் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது, ஒட்டிய படலம் உரசினால்தான் போகும். டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை மட்டும் பயன்படுத்துங்கள். நீட்டித்தால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசியும் மாறும்.

பல்லில் கம்பி போட்டவர்களுக்கு, முனை விறைப்பாக உள்ள ஃபிளாஸ் கிடைக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி கம்பிக்கு அடியில் நுழைக்கலாம்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அவரைத் தாமதிக்காமல் பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கரை கூடினால் ஈறு நோய் கூடும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் அடங்காது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிட்டு ஸ்கேலிங்குக்குப் போகாதீர்கள், மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். புகை பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தும் இரத்தம் குறைவாகத்தான் வரும், அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

இன்னொருவருக்கு ஒரே இடுக்கில் மட்டும் நூல் தினமும் பிரிந்து பிரிந்து அறுந்தது. நூலை மாற்றிப் பார்க்கச் சொன்னேன், அப்போதும் அறுந்தது. அப்படி அறுந்தால் உள்ளே கூரான விளிம்பு இருக்கலாம்: பழைய அடைப்பு பிதுங்கியிருக்கலாம், சொத்தை விழுந்திருக்கலாம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இரண்டு கடைவாய்ப்பல்லும் தொடும் இடத்தில் சொத்தை. வலி தொடங்கும் முன்பே அடைத்துவிட்டார்கள். இப்போது நூல் அறுவதில்லையாம்.